மினமாட்டா படம் போடுகிறோம்: முன்னாடி என்ன விளக்கணும்?

கழிமுகம்:
கல்லூரி இயற்கை மன்றத்தில், ஜப்பானின் மினமாட்டா ஊரில் ஆலைக் கழிவால் வந்த பாதரச நஞ்சு பற்றி ஒரு திரையிடல். அரங்கு 3 மணி நேரம் கிடைக்கும். வருவது பெரும்பாலும் வணிகவியல் மாணவர்கள். ஜானி டெப் நடித்த படமா, சுச்சிமோட்டோ நோரியாக்கியின் 1971 ஆவணப்படமா? "தெர்மாமீட்டர் உடைஞ்சா நமக்கும் இது வருமா" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? தாய் நோயுற்ற மகளைக் குளிப்பாட்டும் அந்தக் குளியல் தொட்டிப் புகைப்படத்தைப் போஸ்டரில் போடவும் யோசனை.

நெய்தல்:
ஆவணப்படம்தான். டெப் படம் யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரைச் சுற்றியே ஓடும், மீனவர்கள் பின்னால் போய்விடுவார்கள். சுச்சிமோட்டோவின் படத்தில் 2 மணி நேர வடிவம் ஒன்று இருக்கிறது, அதை எடுங்கள். முதியவர் ஒருவர் ஆக்டோபஸ் பிடிக்கிற நீண்ட காட்சியில் பசங்க நெளிவாங்க. அதற்காகத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள். அந்தக் கடலைவிட்டால் இவர்களுக்குச் சோறு கிடையாது என்பது அதில்தான் உறைக்கும்.

1970 நவம்பரில் ஒசாகாவில் நடந்த, அந்த ஆலையின் உரிமையாளரான சிஸ்ஸோ நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டமும் படத்தில் உண்டு. நோயாளிகளும் ஆதரவாளர்களும் ஆளுக்கொரு பங்கு வாங்கி, வெள்ளை யாத்திரை உடையில் உள்ளே போனார்கள். இதை முன்பே சொல்லாவிட்டால் ஏதோ கோயில் சடங்கு என்று நினைத்துக்கொள்வார்கள். உங்கள் மாணவர்களுக்கு இதுதான் நுழைவாசல்.

தமிழ் சப்டைட்டில் போடுவதானால் கோப்பை யுடிஎஃப்-8 (UTF-8) எழுத்துக் குறிமுறையில் சேமியுங்கள். ஏஎன்எஸ்ஐ (ANSI) குறிமுறையில் சேமித்தால் திரை முழுக்கக் கேள்விக்குறி வரும். எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ப்ளேயரில் தமிழ் ஃபான்ட் தேர்வாகவில்லை என்று அர்த்தம். திரையிட உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வீட்டு ஓடிடி சந்தா இதற்குச் செல்லாது.

உப்பங்காற்று:
தெர்மாமீட்டர் கேள்வி கட்டாயம் வரும். மினமாட்டாவில் நடந்தது வேறு. அசிட்டிலீனிலிருந்து அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளைச் செய்ய சிஸ்ஸோ ஆலை பாதரச சல்பேட்டை வினையூக்கியாகப் போட்டது. அந்தக் கலனிலேயே மெத்தில் பாதரசம் என்ற கரிமப் பாதரசம் உண்டாகிக் கழிவோடு விரிகுடாவுக்குப் போனது. மீனிலும் சிப்பியிலும் செறிந்து, சாப்பிட்டவர் குடலில் ஏறக்குறைய முழுக்க உறிஞ்சப்பட்டு, மூளைக்கும் நஞ்சுக்கொடி தாண்டிக் கருவுக்கும் போய்விடும்.

தெர்மாமீட்டரில் இருப்பது உலோகப் பாதரசம். விழுங்கினால் குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சாது; ஆவியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. உடைந்தால் ஜன்னலைத் திறந்து, மின்விசிறி, ஏசியை நிறுத்துங்கள். துடைப்பம் உருண்டைகளை இன்னும் சிதறடிக்கும், வேக்குவம் கிளீனர் ஆவியாக்கி அறை முழுக்க ஊதும். கையுறை போட்டு, தடித்த அட்டையால் ஒன்றுசேர்த்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பில் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் அடையுங்கள். வாஷ்பேசினில் ஊற்றக் கூடாது. 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வித்தியாசத்தை விடாதீர்கள்: அங்கே தொழிலாளர் விஷயத்தில் முதல் கவலை ஆவி, மீன் அல்ல.

நெய்தல்:
புகைப்படம் வேண்டாம். ஸ்மித் அதை எடுத்தது 1971இல். படத்திலுள்ள மகள் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அவளை ஓய்வெடுக்க விடுங்கள் என்று குடும்பம் கேட்டது. உரிமை வைத்திருந்த, ஸ்மித்தின் மனைவியாக இருந்த ஐலீன் ஸ்மித் அதை ஏற்றுப் படத்தைப் புழக்கத்திலிருந்து எடுத்தார். இணையத்தில் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது. பதிலாக ஒரு வரைபடம் போடுங்கள்: 1958இல் ஆலை கழிவு வாயைத் துறைமுகத்திலிருந்து மினமாட்டா ஆற்று முகத்துக்கு மாற்றியது, பிறகு மினமாட்டாவை ஒட்டிய ஷிரானுய் கடலோரத்தில் வேறு ஊர்களிலும் நோய் வந்தது. இரண்டு அம்புக்குறி போதும்.

கழிமுகம்:
சரி, போஸ்டர் வரைபடம்தான். ஆலைக்கு உண்மை எப்போது தெரியும்? முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

உப்பங்காற்று:
1956 மே 1 அன்று நோயை அதிகாரிகளுக்குத் தெரிவித்ததே ஆலை மருத்துவமனைதான். அதன் தலைவர் ஹொசோகாவா 1959இல் அசிட்டால்டிஹைடு கழிவைப் பூனைக்கு உணவோடு கொடுத்தார். 400ஆம் எண் பூனைக்கு அந்த நோயின் வலிப்பு வந்தது. நிர்வாகம் முடிவை வெளியே விடவில்லை. அந்த டிசம்பரிலேயே 'சைக்ளேட்டர்' என்ற சுத்திகரிப்புக் கருவிக்குத் திறப்பு விழா நடத்தினார்கள். கரைந்த கரிமப் பாதரசத்தைப் பிரிக்கும் அமைப்பே அதில் கிடையாது. கழிவு ஓடியது 1968 வரை. அரசு காரணத்தை ஒப்புக்கொண்டதும் அதே ஆண்டு செப்டம்பரில், ஆலை அந்த உற்பத்தியை நிறுத்திய பிறகு.