‘கம்யூனிட்டி நர்ஸ்’ தமிழில்: ‘மக்களிடைச் செவிலியர்’ என்றொரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

செவிலியர் பாடத்தில் வரும் ‘கம்யூனிட்டி ஹெல்த் நர்ஸ்’ (மருத்துவமனைக்கு வெளியே, மக்கள் வாழும் இடங்களில் பணிசெய்யும் செவிலியர்), ‘ஹெல்த்கேர் டெலிவரி மாடல்’ (மருத்துவக் கவனிப்பு மக்களைச் சேர்வதற்கான ஏற்பாடு) இரண்டுக்கும் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் குழுவில் எழுந்த கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். முதலாவதற்குச் சமூகநலச் செவிலியர், சமுதாயச் செவிலியர், களச் செவிலியர், பகுதிச் செவிலியர் என நான்கு வந்திருக்கின்றன. இரண்டாவதற்குச் ‘சுகாதார வழங்கல் மாதிரி’ என்ற ஒன்றுதான். இவற்றில் எது நல்லது என்று பார்க்கும் முன், அந்தச் செவிலியர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைப் பேசிவிடலாம். நம் பரிந்துரைகளில் பாதி, அவர் எங்கே நின்று வேலை செய்கிறார் என்பதை மட்டும்தான் சொல்கின்றன.

மருத்துவமனையில் செய்யும் அதே வேலையை வெளியே போய்ச் செய்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, இன்சுலின் போடக் கற்றுத்தருவது, சிறுநீர்க் குழாயைப் பார்த்துக்கொள்வது, காசநோய் மாத்திரை விடாமல் சாப்பிடப்படுகிறதா என்று கவனிப்பது எல்லாம் அவர் வேலையில் உண்டுதான். ஆனால் வேறுபாடு இதில் இல்லை. வார்டில் இருக்கும் செவிலியருக்கு, கட்டிலில் வந்து படுத்தவர் மட்டுமே பொறுப்பு. வெளியே இருக்கும் செவிலியருக்கோ, தன்னிடம் வராதவரும் பொறுப்பு.

ஒரு தடுப்பூசி நாளை எடுத்துக்கொள்வோம். முப்பது குழந்தைகள் வந்தார்கள், முப்பது பேருக்கும் ஊசி போட்டாயிற்று. மருத்துவமனைக் கணக்கில் அது நிறைவான நாள். இவருடைய கணக்கில் அன்றைய வேலை அப்போதுதான் தொடங்குகிறது. வந்திருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர்? வராத வீடு எது? போன முறை ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்து பயந்துவிட்டார்களா, வேலை தேடி இடம் மாறிவிட்டார்களா, தாய்க்கே உடம்பு சரியில்லையா? அந்த வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு பாட்டி படுத்த படுக்கையாக இருப்பார். அவரைப் பற்றி யாரும் எங்கும் பதிவு செய்திருக்க மாட்டார்கள். குழந்தையைத் தேடிப்போன செவிலியருக்கு இப்போது இன்னொருவரும் சேர்ந்துவிட்டார். ஆக, இந்தப் பணியின் உயிர் பொறுப்பில் இருக்கிறது. வைக்கிற சொல் அதைச் சுமக்க வேண்டும், குறைந்தது அதை மறைக்காமலாவது இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இந்தப் பொறுப்பு தொடக்கத்திலிருந்தே உண்டு. 1859-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தன் மனைவியின் கடைசிக் காலத்தில் உடனிருந்து பார்த்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியரையே, அந்நகரத்து ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பணிசெய்ய அமர்த்தினார். பிறகு நகரத்தையே வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கொரு செவிலியர் என்ற ஏற்பாடு வந்தது. ‘டிஸ்ட்ரிக்ட் நர்ஸ்’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அதை ‘மாவட்டச் செவிலியர்’ என்று யாராவது பெயர்த்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். நம் காதில் அது ஒரு உயர் அதிகாரியின் பதவியாக விழும்.

இன்னொரு எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது. 1893-இல் நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகள் நடுவே பணி தொடங்கிய லிலியன் வால்ட், ‘பப்ளிக் ஹெல்த் நர்ஸ்’ என்ற பெயரை உருவாக்கியவர். அவர் முயற்சியால் 1902-இல் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியர் அந்நகரப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார். அதுவரை, பேன், படர்தாமரை, கண்நோய் இருந்த குழந்தைகளை மருத்துவர் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதற்குமேல் யாரும் கவனிப்பதில்லை. சிகிச்சை இல்லாததால் குழந்தை வீட்டிலேயே கிடக்கும். ரோஜர்ஸ் பள்ளியிலேயே மருந்து போட்டார், மாலையில் அந்த வீடுகளுக்குப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நோயைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு முன்பே இருந்தது. அதன் பிறகும் அந்தக் குழந்தைக்குப் பொறுப்பாக ஓர் ஆள் வந்ததுதான் புதிது.

சரி, இனி சொற்களுக்கு வருகிறேன்.

‘சமூகநலம்’ என்றாலே நமக்கு உதவித்தொகையும் விடுதியும் நினைவுக்கு வருகின்றன. அரசில் அந்தப் பெயரில் துறையே இருக்கிறது. ‘சமூகநலச் செவிலியர்’ அந்தத் துறையின் ஊழியராகத்தான் புரிந்துகொள்ளப்படுவார். அதைவிடப் பெரிய சிக்கல் ‘சமூகம்’, ‘சமுதாயம்’ இரண்டிலும் இருக்கிறது. பேச்சுவழக்கில் இவை சாதியைக் குறிக்கும் நாகரிகச் சொற்களாகிவிட்டன. “நீங்க எந்தச் சமூகம்?” என்ற கேள்விக்கு என்ன பொருள் என்று நம் எல்லாருக்கும் தெரியும். எல்லா வீட்டு வாசலிலும் ஏற வேண்டிய ஒருவருக்கு அந்தச் சொல்லைப் பெயராக வைக்க எனக்கு மனமில்லை. பாடநூலில் ‘சமுதாய’ என்பது ஏற்கெனவே ஓரளவு புழங்குவது உண்மைதான். ஆனாலும் இன்னும் நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வதில் தவறில்லை.

‘களச் செவிலியர்’ கேட்க நன்றாக இருக்கிறது. சின்னச் சொல், வாயில் எளிதாக வருகிறது. பணியாளர்களும் ‘ஃபீல்டு’ என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு உள்ள தயக்கம் ஒன்றுதான்: களம் என்பது அலுவலகத்தில் இருப்பவர் பார்வையிலிருந்து வரும் சொல். மையம் இங்கே, களம் அங்கே. அங்கே வாழ்கிற மக்களுக்கு அது களம் இல்லை, வீடு. அன்றாடப் பேச்சில் களப்பணி, களப்பணியாளர் இருக்கட்டும். துறையின் பெயராக வேண்டாம்.

‘பகுதிச் செவிலியர்’ பரிந்துரையைத்தான் நான் அதிகம் யோசித்தேன். லிவர்பூல் வட்டத்தின் பொருள் அதில் அப்படியே வருகிறது. ஆனால் ‘பகுதிநேரச் செவிலியர்’ என்ற சொல் பக்கத்திலேயே இருப்பதால், வேலை விளம்பரத்தில் கட்டாயம் குழப்பம் வரும். ‘குடும்பநலச் செவிலியர்’ என்று யாரும் சொல்லவில்லை, நல்லது. குடும்பநலம் என்ற சொல் கருத்தடைத் திட்டத்தோடு ஒட்டிப்போய் நெடுநாளாகிவிட்டது.

‘நர்ஸ்’ என்பதற்கு இலங்கையில் வழங்கும் ‘தாதி’யை அங்குள்ள நண்பர் நினைவூட்டியது சரியே. அங்கே தாதியர் என்பது உயிரோடு இருக்கும் சொல், அதைக் கைவிடச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அதனால் முன்னொட்டை மட்டும் பொதுவாக வைத்து, பின்னால் செவிலியர் என்றோ தாதி என்றோ அவரவர் வழக்கப்படி சேர்த்துக்கொள்ளும்படி சொல்லை அமைப்பதே நல்லது.

அப்புறம், குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் வரும் ‘உழைச்செல்வான்’. மருத்துவத்தின் நான்கு கூறுகளாக உற்றவன் (நோயுற்றவர்), தீர்ப்பான் (மருத்துவர்), மருந்து, உழைச்செல்வான் என்று வள்ளுவர் எண்ணுகிறார். உழை என்றால் பக்கம். நோயுற்றவரின் பக்கத்தில் இருந்து பார்ப்பவரை மருத்துவருக்குச் சமமாக ஒரு கூறாகவே எண்ணியிருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. இன்று அப்படியே எடுத்தால் ‘உழைப்பு’ என்றுதான் காதில் விழும், அதனால் பரிந்துரைக்கவில்லை. ஆனால் பக்கத்தில், நடுவில் என்ற அந்த இடக்குறிப்பைப் பற்றிக்கொண்டுதான் என் பரிந்துரைக்கு வந்தேன்: மக்களிடைச் செவிலியர். இலங்கையில் மக்களிடைத் தாதி. துறைக்கு மக்களிடைச் செவிலியம்.

‘மக்களிடையே’ எல்லாருக்கும் தெரிந்த சொல், எனவே விளக்கம் தேவைப்படாது. சாதி வாடை இல்லை, துறைப் பெயர் இல்லை, மையம், களம் என்ற பிரிவு இல்லை. கிராமம், நகரம், பள்ளி, தொழிற்சாலை எதற்கும் பொருந்தும். ஒரு எச்சரிக்கை: ‘மக்களிடை’ என்பதை எப்போதும் சேர்த்தே எழுத வேண்டும். பிரித்தால் ‘இடைச் செவிலியர்’ என்று ஏதோ நடுத்தரப் பதவி போல ஆகிவிடும்.

இதற்குள் அடங்கும் வகைகளுக்குப் பெரிய சிரமமில்லை. வீட்டில் போய்ப் பார்ப்பவர் இல்லச் செவிலியர், பள்ளியில் பள்ளிச் செவிலியர், வேலை செய்யுமிடத்தில் பணியிடச் செவிலியர்.

‘நர்ஸ் பிராக்டிஷனர்’ மட்டும் கொஞ்சம் கடினம். 1965-இல் அமெரிக்காவின் கொலராடோவில் லோரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து வந்த பதவி இது. தானே உடலைப் பரிசோதித்து முடிவெடுக்கும் அளவுக்குக் கூடுதலாகப் படித்த செவிலியர். இதைச் ‘செவிலியப் பயிற்சியாளர்’ என்று பெயர்த்திருப்பதைப் பார்த்தேன். கற்றுக்கொடுப்பவர் என்றோ கற்றுக்கொள்பவர் என்றோ ஆகிறது, இரண்டுமே பிழை. ‘மருத்துவச் செவிலியர்’ என்று வைக்கலாமா? எனக்கு முழு நிறைவு இல்லை.

இப்போது ‘ஹெல்த்கேர் டெலிவரி மாடல்’. ‘சுகாதார வழங்கல் மாதிரி’யில் மூன்று சொற்களுமே எனக்கு உறுத்துகின்றன. சுகாதாரம் என்றால் பெரும்பாலோர் மனதில் தூய்மைதான் வருகிறது; சுகாதாரமற்ற நீர், சுகாதாரச் சீர்கேடு என்றே பழகிவிட்டோம். ‘மாதிரி’ இன்னும் சிக்கல். ‘பிரேசில் மாதிரி’ என்று எழுதினால் பிரேசிலைப் போல என்று பொருளா, பிரேசிலின் ஏற்பாடு என்று பொருளா?

‘வழங்கல்’தான் மிகவும் தவறானது. பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது போல நலத்தைக் கொடுக்க முடியாது. சர்க்கரை நோயுள்ள ஒருவர் மாதத்தில் செவிலியரைப் பார்ப்பது கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் சாப்பாடு, மாத்திரை, காலைக் கழுவித் துடைத்துப் புண் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவரும் அவர் வீட்டாரும் செய்வது. செவிலியரின் திறமையே அதை அவர்கள் செய்யும்படி ஆக்குவதில்தான் இருக்கிறது. 1978-இல் அல்மா-அட்டாவில் (இன்றைய கஜகஸ்தானில் உள்ள நகரம்) அடிப்படை மருத்துவக் கவனிப்பு பற்றி நடந்த உலக மாநாட்டில் வெளியான அறிக்கையும், மக்கள் வாழும் இடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் முடிந்தவரை அருகில் மருத்துவக் கவனிப்பு இருக்க வேண்டும் என்றதோடு, அதைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் மக்களுக்குப் பங்கு உண்டு என்றது. ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கும் படம் அதில் இல்லை.

ஆகவே ‘நலப்பணி முறை’ என்று வைக்கலாம். ‘ஊரக நலப்பணிகள்’ என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால் நலப்பணி புதிதாகத் தெரியாது. ‘சிஸ்டம்’ வரும் இடத்தில் நலப்பணி அமைப்பு, ‘மாடல்’ வரும் இடத்தில் நலப்பணி முறை என்று பிரித்துக்கொள்ளலாம்.

இதைச் சில உண்மையான முறைகளில் போட்டுப் பார்த்தேன். பிரேசிலில் 1994-இல் தொடங்கியது குடும்பக் குழு முறை: ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஓர் உதவிச் செவிலியர், வீடுவீடாகப் போகும் நலப்பணியாளர்கள் சிலர் சேர்ந்து, ஒரு பகுதியில் வாழும் சில ஆயிரம் பேருக்குப் பொறுப்பு. வீடு வீடாகப் போகிறவர்களை வழிநடத்துவது அந்தச் செவிலியர். நெதர்லாந்தில் யோஸ் டி பிளாக் என்ற செவிலியர் 2006-இல் தொடங்கிய ‘பியூர்ட்சோர்க்’ என்ற, வீடுகளுக்குப் போய்ப் பணிசெய்யும் செவிலியர் நிறுவனம் வேறு வகை: அதிகபட்சம் 12 செவிலியர் கொண்ட குழு, மேலே மேலாளர் கிடையாது, யாரை எப்போது பார்ப்பது, புதியவரைச் சேர்ப்பதா என்பதையெல்லாம் குழுவே முடிவு செய்யும். இதைத் தன்னாட்சிக் குழு முறை எனலாம். முன்னதில் பொறுப்பு குடும்பங்களின் பட்டியலாக வருகிறது, பின்னதில் அது செவிலியர் கையிலேயே முழுமையாக விடப்படுகிறது. ‘முறை’ இரண்டையும் இயல்பாகத் தாங்குகிறது. ‘வழங்கல் மாதிரி’யைப் போட்டுப் படித்துப் பாருங்கள், வாக்கியமே தடுக்கும்.

கடைசியாக இரண்டு துணைச் சொற்கள். ஒரு குழுவோ செவிலியரோ பொறுப்பேற்றிருக்கும் இடமும் மக்களும் சேர்ந்ததற்குப் பொறுப்பு வட்டம். அதில் இப்போது நேரடியாகக் கவனிக்கப்படுகிறவர்களுக்கு, அதாவது ‘கேஸ்லோடு’ என்பதற்கு, கைப்பொறுப்பு. “இவர் பொறுப்பு வட்டத்தில் ஆயிரம் குடும்பம், கைப்பொறுப்பில் நாற்பது பேர்” என்று எழுதினால் இரண்டு எண்ணிக்கையும் கலக்காது. இவர்களை நோயாளி என்று சொல்வதும் பொருந்தாது. கருவுற்ற பெண்ணும் தடுப்பூசிக் குழந்தையும் நோயாளிகள் இல்லையே. இதற்கு ஒரு சொல் என்னிடம் இல்லை. ‘பயனாளி’ மறுபடியும் வாங்குபவராக ஆக்குகிறது. ‘நலம் நாடுவோர்’ என்றால் நாடி வராதவர் விடுபட்டுப்போகிறார், அவருக்காகத்தானே இவ்வளவு பேச்சும். வீடுகளுக்குப் போய்ப் பணிசெய்யும் செவிலியர்கள் நம்மில் யாராவது இருந்தால், தங்கள் பதிவேட்டில் அவர்களை என்னவென்று குறிப்பிடுகிறார்கள் என்று சொன்னால் அங்கிருந்து தொடங்கலாம்.