போட்டோடைனமிக், ரேடியோடைனமிக்: தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போட்டோடைனமிக் தெரபி (ஒளியால் ஒரு மருந்தைச் செயற்படவைக்கும் சிகிச்சை), ரேடியோடைனமிக் தெரபி (அதே மருந்தைக் கதிர்வீச்சால் செயற்படவைப்பது) ஆகிய இரண்டுக்கும் தமிழ்ச் சொல் கேட்டிருந்த இந்த இழையில் வந்த பரிந்துரைகளில் ‘ஒளியியக்கச் சிகிச்சை’ என்பதற்கே ஆதரவு அதிகம் என்று தெரிகிறது. போட்டோடைனமிக் தெரபிக்கு மட்டும் பெயர் வேண்டுமென்றால் நானும் சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் கேள்வி ஒரு ஜோடியைப் பற்றியது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வரும் மென்திசுச் சார்கோமாவில் (தசை, கொழுப்பு போன்ற மென்மையான திசுக்களில் தோன்றும் புற்றுநோய்), ஒரே மருந்தை முதலில் ஒளியைப் பாய்ச்சியும் பிறகு கதிர்வீச்சைச் செலுத்தியும் வேலை வாங்குகிறார்கள். முதலாவது ஒளியியக்கம் என்றால் இரண்டாவது என்ன? அதே அச்சில் வார்த்தால் ‘கதிரியக்கச் சிகிச்சை’ என்று வரும். அங்கேதான் இடிக்கிறது.

கதிரியக்கம் என்ற சொல்லை ரேடியத்துக்கும் யுரேனியத்துக்கும் எப்போதோ எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தானாகச் சிதைந்து கதிரை உமிழும் பொருளின் குணம் அது. புற்றுநோய்ப் பிரிவில் கதிர்வீச்சு தரும் நேர்கோட்டு முடுக்கி என்ற இயந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது. பொத்தானை அணைத்தால் கதிரும் நின்றுவிடும், நோயாளியின் உடம்பில் எதுவும் தங்காது. அப்படியிருந்தும் ரேடியோதெரபியைக் ‘கதிரியக்கச் சிகிச்சை’ என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. பெற்றோருக்கான துண்டறிக்கைகளை மொழிபெயர்ப்பவள் என்ற முறையில் இதன் விளைவை நேரிலேயே பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய பேரனின் தட்டையும் டம்ளரையும் ஒரு பாட்டி தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார். அவன் பாயில் தங்கச்சியைப் படுக்க விடவில்லை. வீட்டில் யாரோ படித்துக் காட்டிய தாளில் ‘கதிரியக்கம்’ என்று இருந்ததாம். அந்தப் பையனுக்கு ஐந்து வயது, அவனைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். இதற்கு மேல் ஒரு சொல்லை நிராகரிக்க எனக்கு வேறு காரணம் தேவையில்லை.

இலங்கை நண்பர்களுக்கு இந்த மோதல் அவ்வளவு உறைக்காது. அங்கே பாடநூல்களில் ‘கதிர்த்தொழிற்பாடு’ என்ற சொல் உண்டு. ஆனால் நாம் கேட்பது இரண்டு கரைக்கும் பொதுவான சொல்.

சரி, சிகிச்சையில் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட்டால் பெயர் தானே வரும். நான் மனத்தில் வைத்திருப்பது ஜப்பானில் மியே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்சுயுகி குசுசாகி என்ற எலும்பு அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் 1999 முதல் நோயாளிகளுக்குச் செய்துவந்த முறை. மருந்து அக்ரிடின் ஆரஞ்சு. நிலக்கரித் தாரிலிருந்து வந்த பழைய சாயம். ஆய்வகங்களில் செல்களுக்கு நிறமேற்ற இன்றும் பயன்படுகிறது. புற்றுச் செல்லின் சுற்றுப்புறம் அமிலத்தன்மை கூடியது. இந்தச் சாயமோ செல்லுக்குள் அமிலம் நிறைந்த லைசோசோம் என்ற பைகளில் போய் அடைந்துகொள்ளும் குணமுள்ளது. அதனால் சார்கோமாச் செல்களில் நிறையச் சேர்கிறது, நல்ல தசையில் அவ்வளவாகத் தங்குவதில்லை.

கட்டியை எடுத்த பிறகு அந்தக் குழியில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற மிக நீர்த்த கரைசலை விடுகிறார்கள். நீல ஒளியில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் மிச்சமிருக்கும் புற்றுத் துணுக்குகள் பச்சையாக ஒளிர்கின்றன. அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, செனான் விளக்கொளியை 10 நிமிடம் பாய்ச்சுகிறார்கள். சாயம் ஒளியை வாங்கிக் கிளர்வுற்று, பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்கு அந்த ஆற்றலைக் கைமாற்றுகிறது. அப்படி வீரியம் பெற்ற ஆக்சிஜன் செல்லைக் கொல்கிறது. அப்புறம் காயத்தை மூடி, ஒரே தடவையாக 5 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) ஊடுகதிர், அதாவது எக்ஸ்-ரே. நீல ஒளி சதைக்குள் சில மில்லிமீட்டர் போவதே பெரிய காரியம். ஊடுகதிருக்கு அந்தத் தடை கிடையாது, அதுவும் இந்தச் சாயத்தைத் தட்டி எழுப்புகிறது என்பது அக்குழுவின் விளக்கம்.

5 கிரே என்ற எண்ணைக் கவனியுங்கள். குழந்தைகளின் மென்திசுப் புற்றுகளில் அதிகம் காணப்படுவது ராப்டோமயோசார்கோமா. அதற்கு வழக்கமான கதிர்வீச்சு பெரும்பாலும் 36 முதல் 50.4 கிரே வரை, பல வாரங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. முழங்காலருகே எலும்பை நீளவைக்கும் வளர்ச்சித் தட்டு அந்த வீச்சில் அடிபட்டால் ஒரு கால் குட்டையாகவே நின்றுவிடலாம். பின்னாளில் வேறொரு புற்று வரும் ஆபத்தும் கூடுகிறது. அதோடு, விளிம்பில் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் சாயம் பார்த்துக்கொள்ளும் என்பதால் நரம்பையும் ரத்தக் குழாயையும் சேர்த்து வெட்டி எறிய வேண்டியதில்லை. கை கால் கையாகவும் காலாகவும் மிஞ்சுகிறது. ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: இது பரவலான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை, வெளிவந்தவை சிறு எண்ணிக்கை நோயாளிகளின் முடிவுகள். வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய மருந்துகளும் அறுவையும் வழக்கமான கதிர்வீச்சும்தான் ராப்டோமயோசார்கோமாவுக்கு இன்றும் முதுகெலும்பு. நாம் சூட்டும் பெயர் ‘கத்தியில்லா அற்புதம்’ போன்ற ஆசை காட்டும் பெயராக இருக்கவே கூடாது.

‘டைனமிக்’ என்பதற்கு ‘இயக்கம்’ வந்தே தீர வேண்டும் என்று ஐயா ஒருவர் வலியுறுத்தியிருந்தார். அந்த அடைமொழியின் பிறப்பைப் பார்த்தால் அவ்வளவு பிடிவாதம் வேண்டாம் என்று தோன்றும். மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் கலந்த நீரிலிருந்த பாரமீசியங்கள் என்ற ஒருசெல் உயிர்கள் வெளிச்சம் பட்டால் சாவதையும் இருட்டில் பிழைப்பதையும் கண்டு 1900-இல் வெளியிட்டார். அவருடைய ஆசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பெய்னர் இதற்கு ஆக்சிஜன் தேவை என்று கண்டு, புகைப்படத் தகட்டின் ஒளியுணர்வைக் கூட்டச் சாயம் செய்யும் வேலையிலிருந்து பிரித்துக்காட்ட ‘போட்டோடைனமிக்’ என்று பெயரிட்டார். எதுவும் இயங்குவதை அந்தப் பெயர் சுட்டவில்லை. நாம் அதன் தோலை மொழிபெயர்த்து என்ன பயன்?

‘ஒளிக்கிளர்வு’ என்ற பரிந்துரை இயற்பியலுக்கு மிக நெருக்கமானது. ஆனாலும் துண்டறிக்கையில் ‘கிளர்வு’ என்று போட்டால் படிப்பவர் மனம் கிளர்ச்சிக்குப் போய்விடும். ‘ஒளிதூண்டு சிகிச்சை’ அழகாக இருக்கிறது. ஒளியைத் தூண்டுகிறதா, ஒளி தூண்டுகிறதா என்ற மயக்கம் அதில் உண்டு. ஆகவே என் முன்மொழிவு ‘ஒளித்தூண்டல் சிகிச்சை’. விசைத்தறி, விசையால் ஓடும் தறி என்று விரிவது போல ஒளியால் ஆகும் தூண்டல் என்று இது விரியும். தூண்டல் என்பது மின்காந்தத் தூண்டல் வழியாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பழகிய சொல். உறங்கிக் கிடந்த மருந்து ஒளி பட்டதும் வேலை தொடங்குகிறது என்ற பொருளும் அதில் இருக்கிறது.

மற்றதற்கு ‘கதிர்த்தூண்டல்’ போதுமா? ஒளியும் கதிர்தானே என்று யாராவது கேட்பார்கள், நியாயமான கேள்வி. ‘ஊடுகதிர்த்தூண்டல் சிகிச்சை’ என்றே வைத்துக்கொள்வோம். நீளம்தான். ஆனால் இரண்டு சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடே ஒன்று மேலோடு நிற்கிறது, மற்றது ஊடுருவுகிறது என்பதுதான். அது பெயரிலேயே வந்துவிடுகிறது. கதிர்வீச்சுக்குச் செல்லை எளிதில் பலியாக்கும் வேறு வகை மருந்துகளோடும் இது குழம்பாது. அங்கே மருந்து கதிருக்கு உதவியாள், இங்கே கதிர் மருந்தை எழுப்புகிறது.

சாயத்துக்கு ‘ஒளியுணரி’ வேண்டாம், அது கேமராவில் இருக்கும் சென்சருக்குப் போய்விட்டது. ‘தூண்டல் மருந்து’ போதும். சார்கோமாவை அப்படியே விடலாம். ‘தசைப்புற்று’ தவறு, ஏனென்றால் கொழுப்பிலும் நரம்புறையிலும்கூட அது வரும். ராப்டோமயோசார்கோமா மட்டும் ‘வரித்தசைச் சார்கோமா’ ஆகலாம். ஈழத்தவர் ‘மென்னிழையம்’ என்று எழுதினால் அடைப்புக்குள் மென்திசு என்று சேர்த்தால் போதும்.

துண்டறிக்கைக்கு நான் எழுதிப் பார்த்த வரிகள்:

“அறுவை முடிந்ததும் கட்டி இருந்த இடத்தில் ஒரு சாய மருந்தை விடுவோம். அதன் மேல் ஒளியைப் பாய்ச்சுவது ஒளித்தூண்டல் சிகிச்சை. காயத்தை மூடிய பிறகு குறைந்த அளவு ஊடுகதிரைச் செலுத்துவது ஊடுகதிர்த்தூண்டல் சிகிச்சை. இரண்டிலும் குழந்தையின் உடம்பிலிருந்து கதிர் எதுவும் வெளியே வராது. குழந்தையைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளலாம்.”

குழுமத்தில் உள்ள குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் இந்த வரிகளில் பிழை இருந்தால் சுட்டுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் ‘தூண்டல்’ அங்கே வேறு எதற்காவது நிலைத்துவிட்டதா என்று சொல்லுங்கள். மறுப்பு வராவிட்டால் அடுத்த வாரம் இரண்டையும் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.