சி.டி. ஸ்கேன் படத்தில் ஒட்டிக் கிடக்கும் கதிரியக்க விதைகளைப் பிரிப்பது எப்படி?

வணக்கம். புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்காக அதற்குள் பதிக்கும் அயோடின்-125 விதைகளை (கதிர்வீச்சு தரும் சின்ன உலோக உருளைகள்), ஒரு மாதம் கழித்து எடுத்த சி.டி.யில் தானாகக் கண்டுபிடிக்க ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தனியாகக் கிடக்கும் விதைகளில் சிக்கலே இல்லை. உலோகம் பளிச்சென்று தெரிகிறது.

கொத்தாகக் கிடப்பவைதான் பிரச்சினை. விதை ஏறக்குறைய 4.5 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. தடிமன், என்னிடம் உள்ள படங்களின் ஒவ்வொரு அடுக்கின் தடிமனோ 3 மி.மீ. அதனால் ஒரே விதை இரண்டு அடுக்குகளில் தெரிகிறது, பக்கத்தில் இருப்பவை ஒரே வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொள்கின்றன. எத்தனை பதித்தார்கள் என்பது தெரியும். அந்த எண்ணிக்கையைக் கொடுத்து கே-மீன்ஸ் (புள்ளிகளைச் சொன்ன எண்ணிக்கையில் குழுக்களாகப் பிரிக்கும் முறை) ஓட்டினால், பெரிய திட்டை அப்படியே விட்டுவிட்டுத் தனி விதையை இரண்டாக வெட்டுகிறது. சுண்ணாம்புப் படிவுகளையும் சில சமயம் விதையாக எண்ணிவிடுகிறது.

எண்ணிக்கை மட்டும் சரியாக வந்தால் போதாது. இடம் பிசகினால் சுரப்பிக்கும் மலக்குடலுக்கும் போன கதிர்வீச்சு டோஸ் கணக்கே தப்பாகிவிடும். ஒரு மனிதரின் உடம்பு சம்பந்தப்பட்டது, தோராயமாக விட மனமில்லை.

திட்டுக்குள் உருளை வடிவங்களைப் பொருத்திப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், உலோகத்தால் படத்தில் விழும் பொய்க் கீற்றுகளை முதலிலேயே நீக்குவது நல்லதா, அதில் விதையின் ஓரம் மங்கிவிடுமா? சி-ஆர்மில் (சுற்றி நகர்த்தக்கூடிய எக்ஸ்-ரே கருவி) மூன்று கோணங்களில் எடுத்து இடம் கணித்த அனுபவம் இருந்தாலும் சொல்லுங்கள்.