தனியார் படை செய்யும் கொலைக்கு யார் பதில் சொல்வது?

மருதன்:
மாலி நாட்டுச் செய்திகளைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து படிக்கிறேன். 2021 கடைசியில் வாக்னர் என்ற ரஷ்யத் தனியார் படையின் ஆட்கள் அங்கே போய் இறங்கினார்கள். 2025 ஜூனில் எங்கள் வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார்கள், ஆனால் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆப்பிரிக்கா கோர் என்ற படை அங்கேயேதான் இருக்கிறது, அதில் பலர் பழைய வாக்னர் ஆட்கள். இடையில் 2022 மார்ச்சில் மௌரா என்ற கிராமத்தை ஐந்து நாள் வளைத்து வைத்து 500 பேருக்கு மேல் கொன்றார்கள் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகமே அறிக்கை கொடுத்தது. மாலி ராணுவத்தோடு வெளிநாட்டு ஆயுததாரிகளும் இருந்தார்கள் என்கிறது அந்த அறிக்கை. எனக்குப் புரியாதது இரண்டு. இவ்வளவு பெரிய ராணுவம் வைத்திருக்கிற ரஷ்யாவுக்கு எதற்குத் தனியாக ஒரு கம்பெனி, பணம் மிச்சமாகிறதா? அப்புறம், அந்த ஊர்க்காரர்கள் யார் மேல் வழக்குப் போடுவார்கள்?

செங்குட்டுவன்:
பணம் மிச்சமாவதற்காக இல்லை. 2023 ஜூனில் வாக்னர் படை செய்த கலகம் முடிந்த மூன்றாம் நாள் புதினே வாய்விட்டுச் சொன்னார்: வாக்னருக்கு முழுச் செலவும் அரசுதான் செய்தது, ஒரு வருஷத்துச் சம்பளம், ஊக்கத்தொகைக்கு மட்டும் 8,600 கோடி ரூபிளுக்கு மேல். அதுவரை அதே அரசு, எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 359வது பிரிவுப்படி கூலிக்குப் போர் செய்வது குற்றம். வாக்னரின் தலைவர் பிரிகோஜினும் 2022 செப்டம்பர் வரை நான் இதை நடத்தவில்லை என்று சாதித்தார், அப்படி எழுதியவர்கள் மேல் வழக்கே போட்டார்.

இந்தச் சம்பந்தமில்லை என்ற ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு செலவு. 2018 பிப்ரவரியில் சிரியாவில் கஷாம் பக்கம் வாக்னர் ஆட்கள் இருந்த ஒரு படை அமெரிக்கர்கள் இருந்த இடத்தை நோக்கி நகர்ந்தது. அமெரிக்கத் தரப்பு ரஷ்யத் தளபதிகளுக்கு போன் போட்டு இவர்கள் உங்கள் ஆட்களா என்று கேட்டது, இல்லை என்று பதில் வந்தது, அதற்கப்புறம் மணிக்கணக்கில் குண்டு போட்டார்கள். இதை அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் மாட்டிஸ் செனட் குழு முன்னாலேயே சொன்னார். செத்த ரஷ்யர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை ஒரு ஒழுங்கான கணக்கு கிடையாது. ராணுவ வீரர்களாக இருந்திருந்தால் இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு நடுவே பெரிய நெருக்கடி ஆகியிருக்கும். கம்பெனி ஆட்கள் என்பதால் வீட்டுக்காரர்கள் அழுததோடு முடிந்தது.

உக்ரைனின் பாக்முத்தில் இன்னும் மோசம். சிறைச்சாலைகளுக்குப் போய் ஆறு மாதம் சண்டை போட்டால் மன்னிப்பு என்று ஆள் பிடித்தார்கள். 20,000 பேர் செத்ததாகவும் அதில் ஏறக்குறைய பாதி கைதிகள் என்றும் பிரிகோஜினே சொன்னார்.

பழைய கடலோடி:
தம்பி மருதன், இந்தத் துறையில் இருக்கிற எல்லோரையும் வாக்னர் மாதிரி நினைத்துவிடக் கூடாது. நான் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு சோமாலியக் கடல் பக்கம் சரக்குக் கப்பல்களில் துப்பாக்கியோடு காவலுக்குப் போனவன். வேலை என்றால் பெரும்பாலும் ராத்திரி முழுக்க பைனாகுலரோடு நிற்பதுதான். காவலர் ஏறிய கப்பலைக் கொள்ளையர் தொடவே யோசித்தார்கள், அந்த அளவில் இந்த வேலைக்குப் பலன் இருந்தது.

ஆனால் சிக்கல் வந்தால் நமக்கு யாரும் இல்லை என்பதும் உண்மை. தூத்துக்குடி கதை ஞாபகம் இருக்கும். 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓகையோ என்ற தனியார் காவல் கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்துக் கொண்டுவந்தது. உள்ளே 35 பேர், துப்பாக்கிகள், ஆயிரக்கணக்கில் தோட்டா. கம்பெனி அமெரிக்காவுடையது, கொடி சியரா லியோன் நாட்டுடையது, ஆட்கள் இந்தியா, பிரிட்டன், எஸ்தோனியா, உக்ரைன். 2016இல் ஐந்து வருஷத் தண்டனை. 2017 நவம்பரில்தான் மதுரைக் கிளை அவர்களை விடுதலை செய்தது. பிரிட்டன்காரர்களுக்காக அங்கே பெரிய பிரச்சாரம் நடந்தது. நம் ஊர்ப் பையன்கள் 12 பேரும் அதே வழக்கில்தான் இருந்தார்கள், அவர்களைப் பற்றி யார் பேசினார்கள்?

இதோடு 2012இல் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் செத்ததை வைத்துப் பாருங்கள், அதில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுட்டவர்கள் இத்தாலியக் கடற்படை வீரர்கள். அதனால் இத்தாலி அரசு ஓடி வந்தது, நடுவர் மன்றம் வரை போனது, கடைசியில் 10 கோடி ரூபாய் இழப்பீடும் கட்டியது. சுட்டது தனியார் காவலராக இருந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் எந்த அலுவலகத்துக் கதவைத் தட்டியிருக்கும்?

மட்டுநகரான்:
ரஷ்யாவைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தால் இது புதிதாக வந்த வியாதி என்று ஆகிவிடும். 1984இலிருந்து எங்கட இலங்கைப் பொலிஸின் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது கே.எம்.எஸ். என்ற பிரித்தானியத் தனியார் நிறுவனம். பிரித்தானியச் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.ஸின் முன்னாள் அதிகாரிகள் தொடங்கியது. அவர்களுடைய விமானிகள் இலங்கை விமானப்படை ஹெலிகாப்டர்களையும் ஓட்டினார்கள். பிரித்தானிய வெளியுறவு அமைச்சுக்கு இது தெரியும், அவர்களுடைய பழைய கோப்புகளிலேயே இருக்கிறது. தங்கட இராணுவத்தை அனுப்பினால் இந்தியா கோபப்படும், பாராளுமன்றத்தில் கேள்வி வரும். தனியார் போனால் அது வியாபாரம், அரசுக்குப் பொறுப்பில்லை.

அந்த அதிரடிப்படை மட்டக்களப்பில் என்ன செய்தது என்று எங்கட ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் வேலை செய்த சனத்தைக் கொன்றார்கள். லண்டன் பொலிஸார் பிரித்தானியக் கூலிப்படையினர் மேலான போர்க்குற்ற விசாரணையைத் தொடங்கியது 2020இல். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து! சாட்சி சொல்லக்கூடியவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள்?

இளவேனில்:
ஒரு மாற்றுக் கருத்து. 1995இல் சியரா லியோனில் கிளர்ச்சிப்படை தலைநகரை நெருங்கியபோது தென்னாப்பிரிக்காவின் எக்ஸிகியூட்டிவ் அவுட்கம்ஸ் என்ற தனியார் படை நிறுவனம் சில நூறு பேரை வைத்து அவர்களை விரட்டியது. மக்கள் கைகால்களை வெட்டிய கூட்டம் அது. அந்த ஊர்க்காரருக்கு, வந்தவன் சம்பளத்துக்கு வந்தானா கொடிக்கு வந்தானா என்பதா முக்கியம்?

செங்குட்டுவன்:
இளவேனில், அது நடந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்து 1997 ஜனவரியில் அவர்கள் போனார்கள், மே மாதமே ஆட்சி கவிழ்ந்தது. வாடகைப் படை போகும்போது பலத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆப்கானிஸ்தானிலும் இதே கதை. 2021 தொடக்கத்தில் அமெரிக்கப் படையினர் 2,500 பேர், ஒப்பந்தக்காரர்கள் ஏறக்குறைய 18,000 பேர். பெரும்பாலோர் துப்பாக்கி தூக்கியவர்கள் அல்ல, மெக்கானிக், சமையல், டிரைவர், காவல். ஆப்கான் விமானப்படையின் விமானங்களைப் பழுது பார்த்ததே அவர்கள்தான், அவர்கள் கிளம்பியதும் விமானங்கள் தரையில் நின்றன.

வழக்குமேசை:
மருதனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தனியார் படைகளைப் பற்றிய 2008 மோன்ட்ரூ ஆவணம் நாடுகளுக்கு என்னென்ன கடமை என்று நன்றாகவே சொல்கிறது, ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. உள்ளூர்ச் சட்டம்? ஈராக்கில் அமெரிக்க நிர்வாகம் போட்ட 17வது ஆணைப்படி ஒப்பந்தக்காரர்களை ஈராக் நீதிமன்றம் தொடவே முடியாமல் இருந்தது. 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் சுட்டதில் 17 பேர் செத்தார்கள், ஒன்பது வயதுப் பையன் உட்பட. வழக்கு அமெரிக்காவில் நடந்தது, ஒருமுறை தள்ளுபடி ஆகி மறுபடி எழுந்தது, 2014இல் நான்கு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2020 டிசம்பரில் டிரம்ப் நான்கு பேருக்கும் மன்னிப்பு கொடுத்தார். ஆத்திரமாக இருக்கிறது எழுதும்போதே.

உருப்படியாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அபு கிரைப் சிறையில் வதைபட்ட மூன்று ஈராக்கியர்கள், அங்கே விசாரணையாளர்களை அனுப்பிய சிஏசிஐ என்ற நிறுவனத்தின் மேல் 2008இல் அமெரிக்காவில் சிவில் வழக்குப் போட்டார்கள். எங்கள் ஆட்கள் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்தார்கள், பொறுப்பு ராணுவத்துடையது என்று நிறுவனம் வாதாடியது. அரசைக் கேட்டால் கம்பெனி, கம்பெனியைக் கேட்டால் அரசு! 2024 நவம்பரில் வர்ஜீனியா ஜூரி அதை ஏற்காமல் மொத்தம் 4.2 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மௌரா மக்களுக்கு இந்த வழிகூடத் திறக்காது, ஏனென்றால் சிஏசிஐக்கு வர்ஜீனியாவில் முகவரி இருந்தது, அதைக் கூண்டில் ஏற்றும் நீதிமன்றமும் அங்கே இருந்தது. மாஸ்கோவில் அப்படி ஒரு வழக்கை எடுக்கிற நீதிபதியைக் காட்டுங்கள்.