அப்பாவைக் காப்பாற்றிய டாக்டருக்கு நன்றி சொல்ல வழி தேடுகிறேன்

2022 நவம்பரில் மேலூர் பக்கம் எங்கள் வீட்டில் தரையில் படுத்திருந்த அப்பாவைக் கட்டுவிரியன் கடித்தது. கடித்த இடத்தில் வீக்கமில்லை, வலியில்லை, வயிற்றுவலி மட்டும். விடிவதற்குள் இமை இறங்கி, எச்சில் விழுங்க முடியாமல் போனது. 108 ஆம்புலன்ஸில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். நான்கு நாள் வென்டிலேட்டர்.

அங்கே பொது மருத்துவப் பிரிவில் முதுநிலை படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் டாக்டர், ஒவ்வொரு முறையும் அப்பா காதருகே குனிந்து, "ஐயா, நீங்க கேட்டுக்கிட்டுதான் இருக்கீங்கன்னு தெரியும். பயப்படாதீங்க, கை கால் அசையும்" என்பார். கண்ணைக்கூடத் திறக்க முடியாத அப்பாவுக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன் என்று இன்றும் சொல்கிறார்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் யூனிட் தலைவர் பெயர் மட்டுமே இருக்கிறது. வார்டுக்கு இரண்டு முறை போய்க் கேட்டோம். படிப்பு முடித்துப் போய்விட்டாராம். அப்பா கைப்பட எழுதிய கடிதம் அலமாரியில் கிடக்கிறது. அவரது போன் நம்பரோ முகவரியோ எங்களுக்கு வேண்டாம்.

கடிதம் மட்டும் அவர் கைக்குப் போய்ச்சேர யாரிடம், எப்படிக் கொடுக்க வேண்டும்?