மியாவ்ஃபெங் மலையின் கஞ்சிப் பந்தல்கள்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

சீனத் திருவிழா என்றால் டிராகன் ஆட்டமும் பட்டாசும்தானா என்று போன மடலில் ஓர் அக்கா கேட்டிருந்தார். இல்லை அக்கா. பெய்ஜிங்கில் நான் பார்த்தவற்றுள் என் மனத்தை அள்ளிக்கொண்டது மியாவ்ஃபெங் மலைத் திருவிழா. நகரின் மேற்கே, மென்டோகோ மாவட்டத்தில் இருக்கிறது அந்த மலை. உயரம் 1,291 மீட்டர். சீன நாட்காட்டியில் 4ஆம் மாதம் முதல் நாள் தொடங்கி 15ஆம் நாள்வரை விழா நடக்கும். மேலே கோயில் கொண்டிருப்பவள் பிஷியா யுவான்ஜுன். ஷான்டோங் மாகாணத்தில் உள்ள தாய்ஷான் என்னும் மலைதான் அவளுக்கு மூல இடம். ஆனால் பெய்ஜிங் மக்கள் அந்த நீண்ட பெயரைச் சொல்வதில்லை. 'நியாங்நியாங்' என்பார்கள், நாம் அம்மன் என்கிறோமே, அதேதான். பிள்ளை வரம் கேட்டு வருகிற பெண்கள் நிறைய.

இந்த விழாவைத் தோளில் சுமப்பவை 'சியாங்ஹுய்' என்னும் ஊதுவத்திச் சங்கங்கள். ஒரு கிராமத்தார், ஒரு தெருவார், ஒரு தொழிலார் கூடி அமைத்தவை. அந்தக் காலத்தில் மலைப்பாதைகளில் தண்ணீர்ப் பந்தல் போட்டுத் தேநீரும் கஞ்சியும் இலவசமாக வார்த்தார்கள். இரவில் ஏறுகிறவர்களுக்கு வழியெல்லாம் விளக்கேற்ற ஒரு சங்கம், பாதையைச் செப்பனிட ஒரு சங்கம். செருப்புத் தைப்பவர்களும் ஒரு சங்கமாக வந்து, கல்லில் கிழிந்த காலணிகளைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தார்கள். பந்தலில் உடைந்த கிண்ணங்களை ஒட்டவைக்கத் தனியாக ஒரு சங்கம் இருந்தது என்று அறிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் இருக்கிற தொழிலையே காணிக்கையாக்கி இருக்கிறார்கள்.

1925இல் வரலாற்று அறிஞர் கு ஜியேகாங் நண்பர்களுடன் இங்கே வந்து மூன்று நாள் தங்கினார். யார், எங்கே, என்ன தருகிறோம் என்று சங்கங்கள் வழிநெடுக ஒட்டியிருந்த அறிவிப்புகளைப் படியெடுத்தார். தொண்ணூறுக்கு மேற்பட்ட சங்கங்கள் அதனால்தான் இன்று நமக்குத் தெரிகின்றன. படித்தவர்கள் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய காலத்தில் அவர் அந்தச் சுவரொட்டிகளின் முன்னால் நின்று எழுதினார். அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆட்டச் சங்கங்கள் இன்னொரு வகை. பதின்மூன்று என்று கணக்குச் சொல்வார்கள். அந்த ஆட்டங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு கோயிலே கிடைக்கும்: உயரமான கம்பத்துக்கொடியைத் தூக்கியெறிந்து நெற்றியில் தாங்குகிறார்களே, அது கோயில் வாசல் கொடிமரம். சிங்க ஆட்டம் வாசலின் இரண்டு கற்சிங்கங்கள். பூட்டு வடிவில் செதுக்கிய எடைக்கல்லைச் சுழற்றுகிறார்களே, அது கதவின் பூட்டு. எல்லாவற்றுக்கும் பின்னால் பெருமுரசு. கோயிலே எழுந்து அம்மனைப் பார்க்க மலையேறுகிறது!

இந்தச் சங்கங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: வண்டியும் பெட்டியும் எங்களுடையவை, தேநீர் தண்ணீர் கேட்டுக்கூட யாருக்கும் தொந்தரவு தரமாட்டோம். ஆடுவது அம்மனுக்கு, அதற்குக் கூலி கிடையாது. எதிரும் புதிருமாக இரண்டு சங்கங்கள் சந்தித்தால் முரசை நிறுத்தி ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும்.

நடுவில் போர் வந்தது, கோயில் இடிந்தது, விழா நின்றது. 1980களில் கோயிலைத் திரும்பக் கட்டினார்கள். 1990களில் விழா மீண்டது. 2008இல் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

நான் போன அன்று காலையில் குளிர் இருந்தது. கஞ்சிப் பந்தலில் ஒரு பெரியவர் அகப்பையால் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி, அடியை ஒரு துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். 'சியான்செங்' என்றார். பக்தி என்று பொருள். மலையில் அதுதான் வணக்கம். நானும் அதையே சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

இறங்கும்போது எல்லோர் தலையிலும் தொப்பியிலும் சிவப்பு வெல்வெட் பூ. சிலவற்றில் குட்டி வௌவால் ஒன்று ஒட்டியிருக்கும். சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒரே ஒலி, 'ஃபூ'. பேற்றைத் தலையில் சூடி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். என் மனைவி சூடி வந்த பூ இப்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த மே மாதம் யாராவது பெய்ஜிங் பக்கம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதுங்கள். மேலேவரை சாலை இருக்கிறது, ஆனால் பழைய பாதையில் நடந்தே ஏறுவோம்.