முதலில் இலங்கை, பிறகு தில்லி, கடைசியாகச் சென்னை: எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு நிலையங்கள் வந்த வரிசை

ஓய்வு பெற்ற ஆசிரியை, தூத்துக்குடிப் பக்கம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது என்று பொது அறிவுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த தலைமுறையைச் சேர்ந்தவள் நான். ஆனால் அதற்கும் அந்த நிலையத்தின் படத்தை என் கண்ணால் பார்த்ததற்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன. சென்னை நிலையத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்தே எழுதுகிறார்கள். அதனால் தென்கோடியில் இருந்தவர்களின் அனுபவம் அதில் இடம்பெறுவதே இல்லை. எங்களுக்கு முதலில் வந்தது இலங்கை, இரண்டாவதாக வந்தது தில்லி, மூன்றாவதாகத்தான் சென்னை வந்தது. இந்த வரிசையை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடலோர ஊர்களில் வசதியுள்ள வீடுகள் அதற்கென்றே தொலைக்காட்சிப் பெட்டி வாங்கின. எங்கள் தெருவில் அப்படி வாங்கிய முதல் வீடு என் பெரியப்பாவின் வீடு. மொட்டை மாடியில் இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து, நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் ஆண்டெனாவைத் தென்கிழக்கு நோக்கிப் பொருத்தினார்கள். அது போதாதென்று பூஸ்டர் ஒன்றும் வாங்கி வைத்தார்கள். மாடியில் ஒருவர் குழாயைப் பிடித்துத் திருப்புவதும், கீழே ஒருவர் வாசலில் நின்று “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அப்படியே விடு” என்று கூவுவதும் மாலைதோறும் நடக்கும். சில இரவுகளில் கண்ணாடி போலப் படம் தெரியும். சில இரவுகளில் புள்ளிகளைத் தவிர எதுவும் தெரியாது. காரணம் எங்களுக்குப் புரிந்ததில்லை. பெரியப்பா மட்டும் கடற்காற்றைப் பார்த்து, “இன்றைக்கு வரும்” அல்லது “இன்றைக்கு வராது” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ரூபவாஹினியில் தமிழ்ச் செய்தி வாசிக்கப்பட்டபோது பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொலைக்காட்சியிலிருந்து தமிழ் பேசும் குரலை அவர் கேட்டது அதுவே முதல் முறை.

1984ஆம் ஆண்டில் நாடு முழுவதும் குறைந்த சக்தி கொண்ட அஞ்சல் (ரிலே) நிலையங்களைத் தூர்தர்ஷன் நாளுக்கொன்று என்னும் வேகத்தில் அமைத்தது. அவற்றுள் ஒன்றின் வீச்சுக்குள் எங்கள் ஊரும் வந்தது. இனிமேல் சென்னை நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம் என்று எல்லோரும் நம்பியிருந்தோம், வந்ததோ தில்லி. இன்சாட் 1பி செயற்கைக்கோள் வழியாகத் தில்லியிலிருந்து வந்த தேசிய ஒளிபரப்பை அப்படியே வாங்கித் தருவதுதான் அந்த நிலையங்களின் வேலை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அந்த ஆண்டு இந்திரா காந்தி அம்மையாரின் உடல் தீன் மூர்த்தி இல்லத்தில் வைக்கப்பட்டிருந்ததையும் இறுதி ஊர்வலத்தையும் ஊரே கூடிப் பார்த்தது. வர்ணனை இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அன்று யாரும் மொழியைப் பற்றிப் பேசவில்லை.

‘ஹம் லோக்’ இந்தித் தொடரைப் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிச் சில நிமிடம் பேசுவார். எங்கள் தெருவில் வடநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் இருந்தார். அவர் அந்தப் பேச்சைத் தமிழில் சொல்வதற்காகவே ஒரு நாற்காலி எப்போதும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. 1987 ஜனவரியில் ராமாயணத் தொடர் தொடங்கியபோது அந்த நாற்காலிக்குத் தேவை இருக்கவில்லை. கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. அடுத்து என்ன நடக்கும் என்பதை எங்கள் பாட்டியே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலைமேல் உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம் இயங்கத் தொடங்கிய பிறகுதான் சென்னை எங்களிடம் வந்து சேர்ந்தது. தென்கிழக்கே பார்த்திருந்த ஆண்டெனாவை வடக்கே, சற்று மேற்காகத் திருப்பினோம். திரைப்பாடல்களைக் காட்டும் ‘ஒளியும் ஒலியும்’, ‘வயலும் வாழ்வும்’, ‘எதிரொலி’, ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் என்று சென்னைக்காரர்கள் பழகிப்போயிருந்த பெயர்கள் எல்லாம் எங்களுக்குப் புதியனவாக இருந்தன. முதல் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ முடிந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. சென்னையில் இருந்தவர்கள் அன்றாடம் அனுபவித்ததை நாங்கள் திருவிழாவைப் போல அனுபவித்தோம்.

மற்றவர்களும் தங்கள் ஊருக்கு எந்த நிலையம் முதலில் வந்தது, எது எதைத் தள்ளிவிட்டு வந்தது என்று எழுத வேண்டுகிறேன்.

சென்னை, திருவல்லிக்கேணி

நீங்கள் குறிப்பிட்ட சென்னைக்காரர்களுள் நானும் ஒருவன், அம்மா. சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள நிலையத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். 1975இல் எனக்கு ஏழு வயது. கறுப்பு வெள்ளைப் படம். மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஒளிபரப்பு. தொலைக்காட்சி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் அது. எங்கள் வீட்டு உரிமையாளரிடம் மட்டும் ஒரு பெட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகளின் முதல் வரிசையில் எனக்கு நிலையான இடம் உண்டு.

தொடக்க ஆண்டுகளில் அது முழுக்க முழுக்க எங்கள் ஊர் நிலையமாகவே இருந்தது. பள்ளியிலிருந்து ‘கண்மணிப் பூங்கா’ நிகழ்ச்சிக்கு எங்களை அழைத்துச் சென்றபோது, நாற்பது பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தக் கட்டடத்தை ஏற்கெனவே வெளியிலிருந்து பார்த்துப் பழகியிருந்தோம். அரங்கின் விளக்குச் சூட்டில் எண்ணெய் தடவிய தலையெல்லாம் வியர்த்து வழிந்ததும், ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்தி மறுபடியும் பாடச் சொன்னதும் இன்றும் மறக்கவில்லை.

1982 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. அதே நாளில் வண்ண ஒளிபரப்பும் வந்தது. அந்த நாள் முதல் எங்கள் நிலையத்துக்கு மாலையில் ஒரு முகமும் இரவில் வேறொரு முகமும் ஆயிற்று. சில ஆண்டுகளில் இரவு 8.40 என்பது வீட்டுக்கு வீடு ஒரு கடிகாரமாகிவிட்டது. இந்திச் செய்தி தொடங்கியதும் பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவோம். எங்கள் தெருவில் இரவு உணவு நேரத்தையே அதுதான் தீர்மானித்தது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது: நாங்கள் பெட்டியை அணைத்த அந்த நேரத்திலிருந்துதான் உங்கள் ஊரில் படமே பார்த்திருக்கிறீர்கள்.

ஓய்வு பெற்ற தொழில்நுட்பப் பணியாளர், மேற்கு மாவட்டங்கள்

ஆசிரியை அம்மா குறிப்பிட்ட அஞ்சல் நிலையங்களில் ஒன்றில் நான் பல ஆண்டுகள் பணியாற்றினேன். எதனால் தில்லி முதலில் வந்தது என்பதை விளக்கினால் பலருடைய மனக்குறை சற்றுத் தணியும் என்று நினைக்கிறேன்.

ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக அன்று இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குன்றுக்குக் குன்று கோபுரம் அமைத்து நுண்ணலை மூலம் தரைவழியாகக் கொண்டுபோவது. இது செலவும் காலமும் பிடிக்கும் வேலை. மற்றொன்று செயற்கைக்கோள். இன்சாட் 1பி 1983 ஆகஸ்டில் ஏவப்பட்டது. அதில் தொலைக்காட்சிக்குக் கிடைத்த தடங்கள் மிகக் குறைவு என்பதால், நாடு முழுவதற்கும் பொதுவான தில்லி ஒளிபரப்புக்கே அவை போயின. எங்களிடம் இருந்தவை ஒரு பெரிய கிண்ண ஆண்டெனா, 100 வாட் ஒளிபரப்புக் கருவி, ஒரு ஜெனரேட்டர், ஒரு கோபுரம் ஆகியவை மட்டுமே. படப்பிடிப்பு அரங்கு கிடையாது. நாங்களாக எதையும் ஒளிபரப்பவும் முடியாது. வானத்திலிருந்து எது வந்ததோ அதைச் சுற்றிலும் இருபது கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பினோம். சென்னை நிகழ்ச்சி வானத்துக்கு ஏற்றப்படாதவரை எங்களால் அதைத் தந்திருக்க இயலாது. இருந்தும், “தமிழ்ப் படம் எப்போது போடுவீர்கள்?” என்று கேட்டு வாயிற்கதவுவரை வந்தவர்களுக்குப் பதில் சொல்வதும் எங்கள் அன்றாடப் பணிகளுள் ஒன்றாக இருந்தது.

பின்னாளில் மாநில நிலையங்களின் நிகழ்ச்சிகளும் செயற்கைக்கோள் வழியாக வரத் தொடங்கியபோது எங்களுக்கு இரண்டாவது வாங்கிக் கருவி கிடைத்தது. மாலையில் சென்னை, குறித்த நேரத்தில் தில்லி என்று கையால் மாற்றுவோம். ஒருநாள் காய்ச்சலோடு பணிக்குச் சென்றிருந்த நான், மாற்ற வேண்டிய நேரத்தைத் தவறவிட்டு, ஆறேழு நிமிடம் கழித்தே மாற்றினேன். மறுநாள் கடைத்தெருவில் நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்களோ, “இன்றைக்கும் அப்படியே கொஞ்சம் நேரம் விட்டுவையுங்கள்” என்று கேட்டார்கள்.

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. அதே ஆண்டில் நான்கு பெருநகரங்களின் இரண்டாம் அலைவரிசைகளை இணைத்து மெட்ரோ அலைவரிசையும் உருவாயிற்று. தமிழுக்கென்று டிடி 5 என்னும் செயற்கைக்கோள் அலைவரிசை வந்தது. 2000ஆம் ஆண்டில் அதற்குப் பொதிகை என்று பெயர் சூட்டினார்கள். 2024 ஜனவரி முதல் அது டிடி தமிழ். பொதிகை நாள் முழுவதும் இயங்கிய போதிலும், கேபிள் இல்லாமல் வெறும் ஆண்டெனாவை நம்பியிருந்த வீடுகளுக்குத் தேசிய அலைவரிசையின் இடையே வரும் சில மணி நேரத் தமிழ் மட்டுமே கிடைத்தது. இந்த வேறுபாட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏழை வீடுகளுக்குத் தில்லிதான் கடைசிவரை முதன்மை நிலையமாக இருந்தது. 2022 மார்ச்சுக்குள், எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் இருந்த சில பத்து நிலையங்கள் தவிர, நாட்டிலுள்ள பழைய ஒப்புமை (அனலாக்) முறை ஒளிபரப்பிகள் எல்லாம் நிறுத்தப்பட்டன.

யாழ்ப்பாணம்

ஆசிரியை அம்மா, உங்கள் வீட்டு ஆண்டெனா எங்கள் தீவை நோக்கித் திரும்பியிருந்த காலத்துக்குச் சற்றுப் பின்னர், எங்கள் வீட்டு ஆண்டெனா உங்கள் மலையை நோக்கித் திரும்பியது. எங்கள் ஐயா பனைமரத்தளவு உயரத்தில் கம்பம் நட்டு, ஆண்டெனாவை மேற்கே பார்க்கக் கட்டினார். கொடைக்கானல் என்ற ஊரை நான் தேசப்படத்தில் தேடிப் பார்த்ததே அதனால்தான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க அயலட்டைப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் விறாந்தையில் கூடிவிடுவார்கள். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோன பிறகு, மண்ணெண்ணெய் ஊற்றி இயக்கும் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துப் பார்த்த நாட்களும் உண்டு. மண்ணெண்ணெய் தட்டுப்பாடான பொருள் என்பதால், படம் தெளிவாக வருமா என்று உறுதியாகத் தெரியாமல் இயந்திரத்தை இயக்க ஐயா சம்மதிக்க மாட்டார். சில இரவுகளில் மட்டும் படம் தெளிவாக வருவது ஏன் என்று, நீங்கள் சொன்ன அதே புதிர் எங்களுக்கும் இருந்தது. பொறியாளர் ஐயா அதற்கு விளக்கம் தர முடியுமா?

ஓய்வு பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்

பொறியாளர் என்று அழைத்த அன்புக்கு நன்றி. நான் தொழில்நுட்பப் பணியாளன்தான். விளக்கம் இதுதான். தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. கொடைக்கானல் கோபுரம் 2000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் நிற்கிறது. ரூபவாஹினியின் அஞ்சல் கோபுரம் நின்ற பீதுருதாலகால மலையின் உயரம் 2524 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்தும் பூமியின் வளைவு காரணமாக ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால் அலை நேராக எட்டாது. யாழ்ப்பாணம் கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர். தூத்துக்குடி பீதுருதாலகாலவிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கணக்குப்படி இரண்டு வீடுகளிலும் நல்ல படம் வந்திருக்கக் கூடாது.

இடையில் இருக்கும் கடல்தான் உதவியது. கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்று தங்கி, அதற்கு மேலே நிலத்திலிருந்து வந்த வெப்பமான வறண்ட காற்று படலம்போல மூடிக்கொள்ளும் நாட்களில், அலைகள் மேலே தப்பிப்போகாமல் வளைந்து கீழே திரும்பி, குழாய்க்குள் செல்வதுபோல நெடுந்தூரம் போய்ச் சேரும். பலத்த காற்றோ மழையோ அந்தப் படலத்தைக் கலைத்துவிட்டால் படமும் போய்விடும். காற்று அடங்கிப் புழுக்கமாக இருக்கும் மாலைகளைப் பார்த்து ஆசிரியை அம்மாவின் பெரியப்பா “இன்றைக்கு வரும்” என்று சொல்லியிருப்பார். யாழ்ப்பாணத்து ஐயாவும் மண்ணெண்ணெய் ஊற்றுவதற்குமுன் அதையேதான் பார்த்திருப்பார்.